ஒலிபெருக்கியின் நோயும் மருந்தும்

இசையில் நாட்டமுடையோர் இல்லங்களிலே நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைக்கப்பட்ட பெரிய மரப்பெட்டி ஒலிபெருக்கிகளை இன்றும் காணலாம். 'ஹை-பை' என்று பெயர் பெற்ற அவ்வொலிபெருக்கிகள் நெடுங்காலம் இனிமையாக ஒலித்தபின், ஒருநாள் கரகரத்த குரலில் முனகத் தொடங்குகின்றன. மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கவேண்டிய இடத்தில் வெறும் படபடப்புக் கேட்கின்றது. 'இதன் காலம் முடிந்துவிட்டது' என்று தீர்ப்புக் கூறி, வீட்டார் அதனைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடுகின்றனர். உண்மையில் அப்பெட்டியில் கெட்டிருப்பது பெரும்பாலும் ஒரு விரல் அகலமுள்ள நுரை வளையம் ஒன்றே. காந்தம் வலுவுடன் இருக்கின்றது. மரம் உறுதியாக இருக்கின்றது. கம்பிச்சுருளும் பழுதின்றி இருக்கின்றது. அற்பமான ஓர் உறுப்பின் அழிவால் அரிய கருவியொன்று குப்பைக்குப் போகின்றது.

வேறு சிலர் எறிந்துவிடுவதில்லை. அதே அளவுள்ள புதிய ஸ்பீக்கர் ஒன்றைக் கடையில் வாங்கிப் பழைய பெட்டியிலே பொருத்திவிடுகின்றனர். ஒலி மீண்டும் எழுகின்றது. ஆயினும் அது பழைய ஒலியன்று. இவ்விரு வழிகளுள் எது தக்கது, பழுதுபார்த்தலா, மாற்றுதலா என்பதை அறியவேண்டின், அக்கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒலி என்பது காற்றின் அசைவு. மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் காற்றின் அசைவாக மாற்றுவதே ஒலிபெருக்கியின் தொழில். இன்று உலகெங்கும் வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பு, ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததாகும். வலிய காந்தம் ஒன்றின் வட்டமான இடைவெளியிலே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. விரியலாக்கியிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது, அது முன்னும் பின்னும் அசைகின்றது. சுருளோடு ஒட்டப்பட்ட கடதாசிக் கூம்பு அவ்வசைவைக் காற்றுக்கு அளிக்கின்றது.

கூம்பு நேராக அசையவேண்டும், பக்கவாட்டில் ஆடலாகாது. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரிலும் குறைவானது. சிறிது சரிந்தாலும் சுருள் உலோகத்திலே உராயும். ஆகவே கூம்பு ஈரிடங்களில் தாங்கப்படுகின்றது. அடியிலே, தொழிலாளர் 'ஸ்பைடர்' என்று வழங்கும் நெளிவுடைய துணித்தட்டு அதனைப் பிடித்துக்கொள்கின்றது. மேலே, கூம்பின் விளிம்பையும் உலோகச் சட்டகத்தையும் ஒரு மெல்லிய வளையம் இணைக்கின்றது. இவ்விளிம்பு வளையமே பழைய ஒலிபெருக்கிகளில் முதலில் அழிவது. காந்தம், சுருள், கூம்பு, சட்டகம் ஆகியவை சேர்ந்த இவ்வுறுப்புத் தொகுதியை 'இயக்கி' என்று இங்கே வழங்கலாம். தாழ்ந்த சுருதிகளை எழுப்பும் பெரிய இயக்கியை வூபர் என்றும், உயர்ந்த சுருதிகளை எழுப்பும் சிறிய இயக்கியை ற்வீற்றர் என்றும் கூறுவர்.

இயக்கி தனித்து ஒலிப்பதன்று; பெட்டியோடு கூடியே ஒலிக்கின்றது. இவ்வுண்மையை விளக்குவதற்கு அமெரிக்காவின் அக்கூஸ்ரிக் றிசேர்ச் நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. எட்கார் வில்ச்சர் என்பவரும் ஹென்றி குளொஸ் என்பவரும் 1954ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அந்நிறுவனத்தை நிறுவினர். அக்காலத்தில் ஆழ்ந்த தாழ்சுருதியைப் பெற அலுமாரியளவு பெட்டி வேண்டும் என்று கருதப்பட்டது. கூம்பைத் தாங்கும் வளையமும் துணித்தட்டும் விறைப்பாக இருந்தமையால், கூம்பு தொலைதூரம் அசையும்போது ஒலி திரிந்தது. வில்ச்சர் அவ்விறைப்பை நீக்கி, வளையத்தை மிகத் தளர்வாக அமைத்தார். கூம்பை மீண்டும் தன் நிலைக்குத் தள்ளும் வேலையைக் காற்றுப்புகாமல் மூடிய சிறிய பெட்டியினுள் அடைபட்ட காற்றுக்கே கொடுத்தார். அடைபட்ட காற்று நல்ல வில்லாகும். உலோக வில்லைக் காட்டிலும் ஒழுங்காக இயங்கும். அவருடைய முதல் மாதிரியின் தளர்ந்த வளையத்துக்குரிய வடிவத்தை அவர் மனைவி றோஸ்மேரி வரைந்து கொடுத்தார் என்பதும், பழைய மெத்தையின் உறைத்துணியே அவ்வளையமாயிற்று என்பதும் சுவையான செய்திகள்.

இம்முறையில் 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.ஆர்.-3 என்னும் ஒலிபெருக்கி உலகப் புகழ் பெற்றது. வாஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பிலும் இடம் பெற்றது. அதன் பன்னிரண்டு அங்குல வூபரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஒலிக்கச் செய்தால், அதன் கூம்பைத் தடுத்து நிறுத்தப் போதிய வலு அதற்கு இராது. பெட்டிக்குள் வைத்தாலோ அது கட்டுப்பாட்டுடன் ஒலிக்கும். பெட்டியின் காற்று இயக்கியின் ஓர் உறுப்பாகிவிட்டது என்பதே இதன் பொருள். விறைப்பான வளையமுடைய வேறொரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை அப்பெட்டியிற் பொருத்தினால், அதன் சொந்த விறைப்பும் காற்றின் விறைப்பும் ஒன்றுசேர்ந்து தாழ்சுருதியை முழுதும் அமுக்கிவிடும். கோயில் திருவிழாவில் ஊர் முழுவதும் கேட்க முழங்கும் ஸ்பீக்கர், இச்சிறு பெட்டியுள் ஊமையாகிவிடுவது இக்காரணத்தாலேயே. ஆதலால், பழைய இயக்கியைக் காப்பாற்ற இயலுமாயின் காப்பாற்றுதலே முதல் விதியாகும்.

மருந்துக்கு முன் நோயை அறிதல் வேண்டும். ஒலி வராத இயக்கியெல்லாம் இறந்த இயக்கியன்று. முதலில் இடப்பக்கத்துக் கம்பிகளையும் வலப்பக்கத்துக் கம்பிகளையும் விரியலாக்கியிலே மாற்றி இணைத்துப் பார்க்கவேண்டும். குறையும் பக்கம் மாறினால் குற்றம் விரியலாக்கியிலோ அதற்கு முன்போ உள்ளது. குறை அதே பெட்டியில் நிலைத்திருந்தால் குற்றம் அப்பெட்டியிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ உள்ளது. ஏ.ஆர்.-3 முதலிய பெட்டிகளின் பின்புறத்தில், நடுச்சுருதியையும் உயர்சுருதியையும் கூட்டிக் குறைக்கும் திருகுகள் உள. அவற்றின் உள்ளே உலோகம் களிம்பேறி மின்னோட்டத்தைத் தடுப்பது மிகச் சாதாரணமான குறை. ற்வீற்றர் எரிந்துவிட்டது என்று எண்ணப்பட்ட பல பெட்டிகள், அத்திருகைப் பலமுறை முன்னும் பின்னும் சுழற்றியவுடன் பேசத் தொடங்கியதுண்டு. சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சுற்றிலுள்ள கொள்ளளவிகளும் வயதாகித் தம் அளவு மாறுவதுண்டு. இவற்றைச் சோதியாமல் இயக்கியின்மேற் பழி போடுதல் முறையன்று.

இயக்கியைச் சோதிக்க மூன்று எளிய வழிகள் உள. முதலாவது, கண்ணாற் காண்பது. வளையத்தில் வெடிப்பு, பிசுபிசுப்பு, உதிர்வு உண்டா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, கையால் உணர்வது. கூம்பின் மையத்தைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து, மெல்ல உள்ளே தள்ளி விடவேண்டும். சரசரவென்ற உராய்வு உணரப்பட்டால் சுருள் சரிந்துள்ளது அல்லது கருகி வீங்கியுள்ளது. காற்றுப்புகாத பெட்டியில் உள்ள வூபர் தள்ளப்பட்டபின் மெதுவாக மீளவேண்டும்; உடனே துள்ளி மீண்டால் எங்கோ காற்றுக் கசிகின்றது. மூன்றாவது, பல்மானியால் அளப்பது. இயக்கியின் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதன் தடையை அளந்தால், 8 ஓம் என்று குறிக்கப்பட்ட இயக்கி பெரும்பாலும் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். முட்கருவி அசையாது நின்றால், அல்லது எல்லையற்ற தடையைக் காட்டினால், சுருள் அறுந்துள்ளது.

இயக்கியைக் கழற்றும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். பெட்டியை மல்லாக்கக் கிடத்தியபின்னரே திருகாணிகளைக் கழற்றவேண்டும். காந்தம் திருகாணிமுடுக்கியைச் சட்டென்று இழுக்கும். கை தவறினால் அது கூம்பைத் துளைத்துவிடும். ஆகவே கூம்பின்மேல் ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொள்ளுதல் நன்று. எந்தக் கம்பி எந்த முனையிலிருந்தது என்று கழற்றுமுன் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வோல்ற்று மின்கலம் ஒன்றின் நேர்முனையை வூபரின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே எழுவது பொதுவழக்கு. எனினும் சில பழைய அமெரிக்க இயக்கிகளில் இது தலைகீழாக இருக்கும். இரண்டு பெட்டிகளும் எதிரெதிராக அசைந்தால் ஒன்றன் தாழ்சுருதியை மற்றொன்று விழுங்கிவிடும். பெட்டியினுள் அடைத்திருக்கும் கண்ணாடி நாரைக் கையுறையின்றித் தொடலாகாது.

இனி, வளையத்தின் நோய் இருவகைப்படும். ஏ.ஆர். நிறுவனத்தின் தொடக்ககால வூபர்களில் வளையம் துணியால் ஆனது. காற்றுக் கசியாதவாறு அதன்மேல் றப்பர் தன்மையுள்ள பூச்சொன்று பூசப்பட்டிருந்தது. துணி அறுபது ஆண்டுகளின் பின்னும் உறுதியாக இருக்கின்றது; பூச்சு மட்டும் வற்றித் துணியின் கண்கள் திறந்துகொள்கின்றன. பெட்டியின் காற்று அவ்வழியே வெளியேற, வில்லாக நின்ற காற்று வில்லாக நிற்பதில்லை. இத்தகைய வூபருக்குப் புதிய வளையம் வேண்டியதில்லை. என்றும் இறுகிப்போகாத றப்பர்ப் பூச்சொன்றை மெல்லிய படையாகப் பூசினாற் போதும். வார்னிஷோ சாதாரணப் பசையோ பூசினால் துணி விறைத்து, வில்ச்சர் அரிதின் முயன்று பெற்ற தளர்ச்சி போய்விடும்.

1970ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனமும் வேறு பல நிறுவனங்களும் துணிக்குப் பதிலாகப் பொலியூரெத்தேன் நுரையை வளையத்துக்குப் பயன்படுத்தின. நுரை இலேசானது, செய்ய எளிது, அதிர்வை நன்கு அடக்குவது. ஆயினும் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றது. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் அவ்வழிவை விரைவுபடுத்துகின்றன. ஒலிபெருக்கியை ஒருநாளும் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இவ்வழிவு நிகழும். பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் நுரை பிசினாகவோ தூளாகவோ ஆகிவிடும். இலங்கை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இது விரைந்து வரும் நோய். தொட்டவுடன் உதிரும் வளையத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இதுவே எளிதில் தீரும் நோயுமாகும்.

புதிய நுரை வளையங்கள் தனியே விற்கப்படுகின்றன. வாங்குமுன் கூம்பின் விட்டம், சட்டகத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், வளைவின் அகலம் ஆகியவற்றை அளந்து, அந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்ட வளையத்தைத் தேர்தல் வேண்டும். பழைய நுரையையும் பசையையும் கூம்பிலிருந்தும் சட்டகத்திலிருந்தும் பொறுமையுடன் அகற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். இவ்விடத்திலே அவசரப்படுவோர் கூம்பையே கிழித்துவிடுவர். பின்னர், கூம்பின் நடுவிலுள்ள தூசுமூடியை வட்டமாக வெட்டியெடுத்து, சுருளுக்கும் அதன் நடுவே நிற்கும் காந்தத் தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் தாட்கீற்றுகளைச் சுற்றிலும் செருகவேண்டும். இக்கீற்றுகள் சுருளை நடுநிலையில் நிறுத்தும். முதலில் வளையத்தைக் கூம்பில் ஒட்டி, அது காய்ந்தபின் சட்டகத்தில் ஒட்டி, முழுதும் இறுகும்வரை ஒருநாள் விட்டுவைக்கவேண்டும். கீற்றுகளை உருவியபின் கூம்பை மெல்லத் தள்ளி உராய்வில்லை என்று கண்டு, தூசுமூடியை மீண்டும் ஒட்டவேண்டும். கடதாசிக் கூம்புக்கு நீரிற் கரையும் வெண்பசை ஏற்றது. பிளாஸ்ரிக் கூம்புகள் சிலவற்றில் அது பிடிக்காது, அவற்றுக்கென்று தனிப்பசை உண்டு. இயக்கியைப் பெட்டியில் மீண்டும் வைக்கும்போது, விளிம்பைச் சுற்றியிருந்த உலராத அடைப்புப் பொருளைப் புதுப்பித்தல் மறக்கலாகாது. காற்றுக் கசிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கூம்பு கிழிந்திருந்தால், மெல்லிய தாளொன்றை நீர்த்த வெண்பசையில் நனைத்துக் கிழிவின் மேல் ஒட்டலாம். இங்கே நினைவில் வைக்கவேண்டியது எடை. கூம்பின் எடை கூடினால் அதன் இயல்பான அதிர்வின் மீடிறன் தாழும்; ஒலியின் வலுவும் குறையும். தடித்த ஒட்டுத்துண்டு கிழிவை மூடும், குரலை மாற்றும். மிருதங்கத்தின் சோற்றிலே ஒரு பிடி மிகுந்தாலும் சுருதி மாறுவதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சுருள் எரிந்துபோன நோய் கடுமையானது. ஒலியை அளவுக்கு மீறி உயர்த்துவதால் மட்டும் சுருள் எரிவதில்லை. சிறிய விரியலாக்கியை அதன் வலுவுக்கு மேல் முடுக்கும்போது, அலைகளின் உச்சி வெட்டுண்டு, இசையில் இல்லாத உயர்சுருதிகள் பிறக்கின்றன. மயிரிழை போன்ற ற்வீற்றர்ச் சுருள் அவற்றின் சூட்டைத் தாங்காது எரிகின்றது. வூபரின் சுருளைத் தேர்ந்த தொழிலாளர் மீண்டும் சுற்றிக் கொடுக்க இயலும். கம்பியின் தடிப்பும் சுற்றுகளின் தொகையும் பழையபடியே இருத்தல் வேண்டும். ற்வீற்றரில் வெளியே தெரியும் இணைப்புக் கம்பி அறுந்திருந்தால் அதனைப் பற்றவைக்கலாம். குழந்தையின் விரல் அமுக்கிக் குழிந்த துணிக் குவிமாடத்தை ஒட்டுநாடாவால் மெல்ல இழுத்து எழுப்பலாம். உலோகக் குவிமாடம் மடிந்தால் முன்போல் ஆகாது. 1974ஆம் ஆண்டில் வந்த யமஹா என்.எஸ்.-1000 போன்ற சிலவற்றின் குவிமாடம் பெரிலியம் என்னும் உலோகத்தால் ஆனது. உடைந்த பெரிலியத்தின் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அதனைச் சுரண்டவோ உரசவோ கூடாது.

இவ்வாறு முயன்றும் பழைய இயக்கி எழாதபோது மாற்றுதல் தவிர்க்க முடியாதது. அப்பொழுது முதலில் தேடவேண்டியது, அதே மாதிரியின் பழைய இயக்கி ஒன்றையே. அது கிடையாவிடின், வேறொன்றை எவ்வாறு தேர்வது? இதற்கு ஒழுங்கான கணக்கை வகுத்தவர்கள் அவுஸ்திரேலியாவிற் பணியாற்றிய இரு பொறியியலாளர். நெவில் தீல் என்பவர் 1961ஆம் ஆண்டில் இயக்கிக்கும் பெட்டிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் அவுஸ்திரேலிய ஒலிபரப்புச் சேவையிற் சேர்ந்தார். றிச்சாட் ஸ்மோல் என்பவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அதனை விரித்து 1970களின் தொடக்கத்தில் நிறைவாக்கினார். அவர்கள் பெயரால் வழங்கும் அளவுகளுள் மூன்று முதன்மையானவை: திறந்த காற்றில் இயக்கி இயல்பாக அதிரும் மீடிறன், அவ்வதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண், இயக்கியின் தாங்கிகளுக்கு நிகரான விறைப்புடைய காற்றின் கனவளவு. புதிய இயக்கியின் இவ்வளவுகள் பழையதன் அளவுகளோடு நெருங்கியிருத்தல் வேண்டும். அத்துடன் ஓம் அளவும், ஒரே வலுவுக்கு எழுப்பும் ஒலியின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஏனெனில் சுருதிப் பிரிப்புச் சுற்று பழைய இயக்கிக்கென்றே கணிக்கப்பட்டது. விட்டம் மட்டும் ஒத்திருப்பது, கால் அளவு ஒத்தது என்பதற்காகப் பிறர் மூக்குக்கண்ணாடியை அணிவது போன்றதே.

ஒரு பெட்டியில் மாற்றினால் மறுபெட்டியிலும் மாற்றுதல் நலம். இரு பெட்டிகளும் வெவ்வேறு குரலில் ஒலித்தால் பாடகர் நடுவில் நில்லாது ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். கழற்றிய இயக்கிகளை எறிந்துவிடாது, உறையிட்டு வைத்தலும் வேண்டும். இன்று கிடையாத உறுப்போ தொழிலாளரோ நாளை கிடைக்கலாம், எறிந்ததோ மீளாது.

ஏ.ஆர். நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு சோதனையை மக்கள் முன் நடத்தினர். பைன் ஆட்ஸ் குவாற்றெற் என்னும் நால்வர் குழு மேடையில் வயலின் முதலிய தந்தி வாத்தியங்களை வாசிக்கும். இடையிலே வாசிப்பதை நிறுத்தி, வில்லை மட்டும் வாத்தியத்தின்மேல் அசைக்கும். முன்பே பதிவு செய்த ஒலி ஏ.ஆர்.-3 வழியே தொடரும். எங்கே வாத்தியம் நின்றது, எங்கே பெட்டி தொடங்கியது என்று கண்டுகொள்ளக் கேட்போர் இடர்ப்பட்டனர். தனக்கென்று ஒரு குரலின்றி, வாத்தியத்தின் குரலை வாத்தியத்தின் குரலாகவே தருவது ஒலிபெருக்கியின் கடமை என்று அந்நிறுவனத்தார் கொண்டிருந்தனர்.

பழுதுபார்ப்பவரின் கடமையும் அதுவே. கூடுதலான தாழ்சுருதி, கூடுதலான பளபளப்பு என்று தம் விருப்பத்தைச் சேர்க்காமல், ஆக்கியோன் அமைத்த நிலைக்குக் கருவியைத் திருப்பிக் கொடுப்பதே செவ்விய திருத்தம். மறைந்த பாடகர்களின் இசைத்தட்டுகளைப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அத்தட்டுகளில் உறங்கும் குரலை எழுப்பித் தருவது இறுதியில் இக்கடதாசிக் கூம்பே. ஒரு நுரை வளையமும், சிறிது பசையும், ஒருநாட் பொறுமையும் செலவிட்டால் இன்னும் பல ஆண்டுகளுக்கு அக்குரல் கேட்கும். எனவே, முனகும் பெட்டியை வாசலுக்கு வெளியே வைக்குமுன், அதன் முன்துணியை ஒருமுறை நீக்கிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.